கதவில் ஒட்டியிருந்த விதி

விதி தெரியாமல் போட்டியில் ஆட வருகிறவர்களுக்கு எங்கள் சதுரங்க மன்றத்தில் ‘விருந்தாளி’ என்று பெயர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வழக்கமான ஆட்டம் ஆடுவதில்லை. ஏதாவது ஒரு விதியைத் தலைகீழாக்கி விடுவோம். ஒரு மாதம், வெட்டினால் வெட்டிய காயும் அதைச் சுற்றி நிற்கிற காய்களும் சேர்ந்தே காலி. இன்னொரு மாதம், ராஜாவைப் பலகையின் நடுவுக்குக் கொண்டுபோனவருக்கு வெற்றி. இந்த மாதம் என்ன ஆட்டம் என்பதை நடுவர் காலையில் ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கதவில் ஒட்டிவிடுவார். எல்லாரும் வந்து உட்கார்ந்ததும், “யாருக்காவது விதி சொல்லணுமா?” என்று ஒரே ஒரு தடவை கேட்பார். கை தூக்கினால் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லித்தருவார். தூக்காவிட்டால் தெரியும் என்று அர்த்தம். கடிகாரத்தைத் தட்டிவிட்ட பிறகு, யாராவது விதியை மீறினால் ஒழிய நடுவர் வாயைத் திறக்க மாட்டார்.

கையைத் தூக்குவதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். நன்றாக ஆடத் தெரிந்தவனுக்குத்தான் அந்தக் கை ரொம்பக் கனக்கும். ஒரு பல் டாக்டர் வந்தார். எதிராளியின் ராணியை ஆசை ஆசையாக வெட்டினார். பக்கத்தில் நின்ற அவருடைய சொந்த ராஜாவும் சேர்ந்து காலி. விதிப்படி நான் எடுத்து வைத்துவிட்டேன். மனுஷன் ராஜா கீழே விழுந்துவிட்டது என்று நினைத்து மேஜைக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தார்.

ஆமாம், அந்த நடுவர் நான்தான். மன்றம் மாடியில். கீழே இருப்பது நான் வேலை பார்க்கிற சலவைக்கடை. துணி வாங்குவது, அதில் அடையாளச் சீட்டுக் கட்டுவது, எந்தக் கறைக்கு எந்த மருந்து என்று பார்ப்பது என் வேலை. மாடிச் சாவியும் என்னிடம்தான் இருக்கும். ஆனால் சாவி இருப்பதால் நான் நடுவராகவில்லை. என் மாமாவால்தான் நடுவரானேன்.

மாமா என்றால் அக்கா புருஷன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். வாயைத் திறந்தால் விதி. “விதின்னா விதிதான்” என்பதை அவர் சாப்பாட்டுக்கு ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்வார். கல்யாணத்துக்கு முன்பு அவரும் அக்காவும் இதே மன்றத்தில் ஆடியவர்கள். அக்காதான் கெட்டிக்காரி, அது ஊருக்கே தெரியும். ஒரு வருஷம் கோப்பைக்கான கடைசி ஆட்டத்தில் இரண்டு பேரும் மோதினார்கள். அக்கா ஜெயிக்கிற நிலைமை. அவளுடைய குதிரை ஒன்று கட்டத்தின் ஓரத்தில் கோணலாக நின்றது. அவள் “சரி பண்றேன்” என்று சொல்லிவிட்டு அதை நேராக வைத்தாள். அப்படிச் சொல்லிவிட்டுத் தொட்டால் குற்றமில்லை. சொல்லாமல் தொட்டால், தொட்ட காயைத்தான் ஆட வேண்டும்.

மாமா கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டார். “குதிரையைத் தொட்டுட்டாங்க. ஆடச் சொல்லுங்க.”

அக்கா சிரித்தேவிட்டாள். “சொல்லிட்டுத்தானே தொட்டேன். உங்களுக்குக் கேட்டுச்சுல்ல?”

“எனக்குக் கேக்கலையே.”

பக்கத்து மேஜையில் ஆடிக்கொண்டிருந்த எனக்கே தெளிவாகக் கேட்டது. எழுந்து சொன்னேன். அன்றைய நடுவர், “தங்கச்சி சாட்சி செல்லாதும்மா, உக்காரு” என்று என்னை அடக்கிவிட்டார். அக்கா குதிரையை ஆட வேண்டியதாயிற்று. ராணி போனது, ஆட்டம் போனது, கோப்பை போனது. இந்த மன்றத்தில் என் காதுக்கு மதிப்பு வர வேண்டும் என்றுதான் நான் நடுவர் பரீட்சை எழுதினேன். என் ஆட்டத்தை அதோடு விட்டுவிட்டேன்.

அப்புறம் எப்படி அவரையே கட்டிக்கொண்டாள் என்று கேட்காதீர்கள். நான் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன். “அவருக்கு நிஜமாவே கேக்காம இருந்திருக்கலாம்ல?” என்பாள். அந்த ‘இருக்கலாம்’ மேல்தான் அவள் ஒரு குடும்பத்தையே கட்டினாள். ஆனால் அதன் பிறகு ஒரு காயைக்கூட அவள் தொடவில்லை. மருந்துக்கடையில் வேலைக்குப் போனாள். மாமாவோ, வீட்டுக்கு யார் வந்தாலும் அலமாரியிலிருந்து அந்தக் கோப்பையை எடுத்துக் காட்டி, இந்தக் கதையைச் சொல்லாமல் அனுப்புவதில்லை. “தொட்டுட்டு, சொல்லிட்டேன்னு ஒரே சாதிப்பு! நான் விடுவேனா?” என்று முடிப்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். அக்கா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

போன மாதம் புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரர்களை அக்கா வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் இருந்தேன். கோப்பை வந்தது, கதையும் வந்தது. இந்தத் தடவை ஒரு புதுச் சரக்கும் சேர்த்தார்: “நல்லவேளை, மருந்துக்கடையில மாத்திரையை மாத்திக் கொடுத்துட்டு, சொல்லிட்டுத்தான் கொடுத்தேன்னு சொல்றதில்லை.” எல்லாரும் சிரித்து முடித்தபோது அக்கா மகள் மட்டும் சிரிக்கவில்லை. சின்னப் பிள்ளை இல்லை, விவரம் தெரிகிற வயது. தட்டில் விரலை வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்துக் கேட்டாள்.

“அம்மா, நிஜமாவே நீ பொய் சொன்னியா?”

கேலியாகக் கேட்டிருந்தால் போய்த் தொலைகிறது என்று விட்டிருப்பேன். அவள் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அக்கா, “சாப்பிடு” என்றாள். மாமா, “அதெல்லாம் பழைய கதைம்மா, உங்கம்மாவை நான் மன்னிச்சாச்சு” என்றார். மன்னித்தாராம்! அந்தப் பெண் காதில் விழும்படி, இந்த ஆள் வாயாலேயே ‘கேட்டது’ என்று சொல்ல வைக்காவிட்டால் நான் அக்காவுக்குத் தங்கச்சி இல்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

எப்படி என்றுதான் தெரியவில்லை. முதலில் மூக்கையாவது உடைப்போம் என்று ஆரம்பித்தேன்.

மாமா சட்டைகள் எங்கள் கடைக்குத்தான் வரும். வாங்க வந்தவரிடம் சீட்டைச் சரிபார்த்துக்கொண்டே சொன்னேன். “ஞாயித்துக்கிழமை மேல போட்டி இருக்கு மாமா. ஆனா உங்களுக்குச் சரிப்படாது.”

“ஏன் சரிப்படாது?”

“வேற மாதிரி ஆட்டம். விதியெல்லாம் படிச்சுட்டு வரணும். உங்களுக்கு எதுக்கு அந்தத் தலைவலி?”

“எனக்கு நீ விதி சொல்றியா?” சட்டைக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “செஸ் எப்படி மாத்தினாலும் செஸ்தான். பேரை எழுதிக்கோ.”

எழுதிக்கொண்டேன். அன்று சாயங்காலமே மருந்துக்கடைக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். என்ன ஆட்டம் வைக்கப் போகிறேன் என்பதையும் சொன்னேன். சின்ன வயசில் யார் பாத்திரம் கழுவுவது என்பதை முடிவு செய்ய நாங்கள் இரண்டு பேரும் ஆடியது அது. தன் காய்கள் எல்லாவற்றையும் யார் முதலில் வெட்டுக் கொடுத்து முடிக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. வெட்ட வழி இருந்தால் வெட்டியே ஆக வேண்டும். ராஜாவும் வெறும் காய்தான், போனால் போகட்டும். அந்த ஆட்டத்தில் அக்காவை நான் ஜெயித்ததே கிடையாது. எங்கள் வீட்டுப் பாத்திரமெல்லாம் நான் தேய்த்தது.

அக்கா மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே, “உனக்கு வேற வேலையே இல்லையாடி?” என்றாள். “நான் வரலை. என்னை இதுல இழுக்காதே.”

“நீ வரவேண்டாம். அவரு அவமானப்படறதை நான் மட்டும் பார்த்துக்கறேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலை தாளில் விதியைக் கொட்டை எழுத்தில் எழுதி, கண்ணுக்கு நேராகக் கதவில் ஒட்டினேன். யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது இல்லையா? எல்லாரும் நின்று படித்துவிட்டு, சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். மாமா வழக்கம்போலக் கடைசியாக வந்தார். அந்தத் தாளின் மேலேயே உள்ளங்கையை வைத்துக் கதவைத் தள்ளினார். படியேறி வந்த வேர்வைக் கை. ‘வெட்டியே ஆக வேண்டும்’ என்ற வரி கொஞ்சம் இழுகிப்போனது. எனக்கு மனசு குளிர்ந்தது.

எங்கள் மன்றத்தில் வருகிற வரிசைப்படிதான் இடம். முன்னால் வருகிறவர்கள் முன்மேஜை, கடைசி இரண்டு பேர் ஜன்னலோர மேஜை. மாமாவுக்கு எதிரில் ஆளில்லை.

“யாரும் வரலைன்னா எனக்கு ஒரு புள்ளி எழுதிடு. விதின்னா விதிதான்” என்றார்.

என் திட்டம் புஸ்ஸென்று போகிறதே என்று பேனாவை எடுத்தபோது, கதவு திறந்தது. அக்கா வந்தாள். பின்னால் அவள் மகள். அக்கா கதவருகில் நின்று, முழுத் தாளையும் நிதானமாகப் படித்தாள். பிறகு வந்து மாமாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். மகள் சுவரோரம் நின்றுகொண்டாள்.

“நீ எங்கே இங்கே?” என்றார் மாமா. “தொட்டா ஆடணும், ஞாபகம் இருக்கா?”

“இருக்கு” என்றாள் அக்கா. என்னை அவள் பார்க்கவே இல்லை.

“யாருக்காவது விதி சொல்லணுமா?” என்று கேட்டேன். மாமா பக்கம் திரும்பி, கொஞ்சம் நேரம் கொடுத்தே கேட்டேன். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துக்கொண்டிருந்தார். யாரும் கை தூக்கவில்லை. “ஆரம்பிக்கலாம்.”

ஆரம்பத்திலேயே அக்கா ஒரு சிப்பாயை நீட்டினாள். மாமா வெட்டினார். ஒரு மந்திரியை நீட்டினாள். வெட்டினார். “கவனிச்சு ஆடும்மா” என்று புத்தி வேறு சொன்னார். அடுத்து ராணியையே கொண்டுவந்து அவருடைய யானை வாயில் வைத்தாள். மாமாவுக்கு வாயெல்லாம் பல். வெட்டிய காய்களைத் தன் பக்கம் வரிசையாக அடுக்கி அழகு பார்த்தார். மகளைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தார். சுற்றி ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. விருந்தாளி வந்திருக்கிறார் என்று கண்ணாலேயே சொல்லிக்கொண்டார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை, அதுதான் எங்கள் வழக்கம்.

ஒரு கட்டத்தில் வெட்டுவதை விட்டுவிட்டு, “செக்” என்று ராணியை நகர்த்தினார். நான் போய் நின்றேன்.

“அது செல்லாது. அந்தச் சிப்பாயை வெட்ட வழி இருக்கு. வெட்டியே ஆகணும்.”

“இது எப்ப வந்த விதி?”

“கதவுல இருக்கு மாமா.”

முகம் கொஞ்சம் மாறியது. இருந்தாலும், வேறு என்ன விதி இருக்கிறது என்று கேட்டால் கௌரவம் என்ன ஆவது? “எனக்கு லாபம்தான்” என்று சிப்பாயை வெட்டினார். அடுத்து வந்த யானையையும் வெட்டினார். அடுத்து அக்கா ராஜாவையே அவருடைய மந்திரிக்கு எதிரில் கொண்டுவந்து நிறுத்தினாள். மாமா அதையும் தூக்கிவிட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, அக்காவிடம் கையை நீட்டினார்.

“ராஜாவே போச்சு! இப்பவாவது ஒத்துக்கோ.”

அக்கா கை கொடுக்கவில்லை. “உக்காருங்க. இன்னும் ஆட்டம் இருக்கு.”

அதே நேரம் நடுமேஜையில் சைக்கிள் கடைக்காரர், தன் கடைசிச் சிப்பாய் வெட்டுப்பட்டதும் இரண்டு கையையும் தூக்கி, “முடிச்சுட்டேன்!” என்று கத்தினார். எல்லாரும் கைதட்டினார்கள். மாமா அந்தக் காலிப் பலகையைப் பார்த்தார். தன் பக்கம் அடுக்கி வைத்திருந்த காய்களைப் பார்த்தார். கடைசியில் கதவைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. அந்த முகத்தைச் சட்டம் போட்டு எங்கள் கடையில் மாட்டலாம் என்று இருந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், ஆள் ஆட்டக்காரர்தான். உட்கார்ந்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். அக்காவிடம் மீதி இருந்தது ஒரு யானையும் ஒரு சிப்பாயும். மாமாவால் இரண்டில் எதையும் வெட்டலாம். குதிரையால் யானையை வெட்டினால், சிப்பாயை அக்கா அடுத்த நகர்விலேயே வெட்டுக் கொடுத்து ஜெயித்துவிடுவாள். மந்திரியால் சிப்பாயை வெட்டினால் கதையே வேறு. தனியாக நிற்கிற யானைக்கு மாமா தன் காய்களை ஒவ்வொன்றாக ஊட்டிவிடலாம், அதுவும் வெட்டியே ஆக வேண்டும். மந்திரியை எடுத்தால் அவர் பிழைத்தார். அவருக்கும் அது தெரிந்துவிட்டது, கண்ணில் பழைய வெளிச்சம் வந்தது.

மாமாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. நல்ல நகர்வு ஒன்று கண்ணில் பட்டால், அதை ஆடுவதற்கு முன் தன் குதிரையின் முகத்தை எதிராளியைப் பார்த்துத் திருப்பி வைப்பார். “சரி பண்றேன்” என்று முணுமுணுத்தபடி குதிரையை லேசாகத் திருப்பினார்.

எனக்குக் கேட்டது. தெளிவாகவே கேட்டது.

“குதிரையைத் தொட்டுட்டீங்க. குதிரையைத்தான் ஆடணும்” என்றேன்.

“சரி பண்றேன்னு சொல்லிட்டுத்தானே தொட்டேன்!”

“எனக்குக் கேக்கல.”

எத்தனை வருஷமாக நாக்கு நுனியில் வைத்திருந்த வார்த்தை. நடுவர் பொய் சொல்லலாமா என்று யாராவது என்னைக் கேட்டால், அன்றைக்கு மட்டும் சொல்லலாம் என்பேன். மன்றமே எங்கள் மேஜையைப் பார்த்தது.

“பொய்! பக்கத்துலதானே நின்னே? வேணும்னே பண்றே!” மாமாவின் குரல் உடைந்தது. “சத்தமாத்தானே சொன்னேன்!” சுற்றிலும் பார்த்தார். யாரும் உதவிக்கு வரவில்லை. கடிகாரம் அவர் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் அக்கா பக்கம் திரும்பினார். “நீ சொல்லு. உனக்குக் கேட்டுச்சுல்ல?”

அக்கா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ‘கேக்கலையே’ன்னு சொல்லு, ஒரே ஒரு வார்த்தை, சொல்லிடு அக்கா என்று நான் உள்ளுக்குள் கதறினேன்.

“கேட்டுச்சு” என்றாள். மன்றம் முழுக்கக் கேட்கிற குரல். “அவர் சொல்லிட்டுத்தான் தொட்டார். அவர் இஷ்டப்பட்ட காயை ஆடட்டும்.”

அவளைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது எனக்கு. மாமாவுக்கு மூச்சு வந்தது. அவர் கை மந்திரி பக்கம் போனது.

“பாருங்க, இவ்வளவுதான்” என்றாள் அக்கா. “கேட்டுச்சுன்னு சொல்றதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு? இதைத்தான் அன்னைக்கு நான் உங்ககிட்ட கேட்டேன்.”

மாமாவின் கை மந்திரிக்கு மேலேயே நின்றுவிட்டது. அதைத் தொட்டால் ஜெயித்துவிடலாம். தொடத்தான் முடியவில்லை. அவர் சுவரோரம் பார்த்தார். மகள் அங்கே இல்லை. எப்போதோ நகர்ந்து வந்து அக்கா நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, உங்களுக்கு அன்னைக்குக் கேட்டுச்சா?”

அவர் ஆடவில்லை. கை அப்படியே அந்தரத்தில் நிற்க, கடிகாரம் ஓடி ஓடி நின்றது. நேரம் முடிந்தால் எந்த ஆட்டத்திலும் தோல்விதான், அந்த விதி அவருக்கே தெரியும். அக்கா பெயருக்கு நேரே வெற்றி என்று எழுதினேன். அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளும் அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘இருக்கலாம்’ என்று அவள் கட்டிவைத்தது நிற்குமா விழுமா என்று பார்க்கிறவள் மாதிரி இருந்தாள்.

மாமா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தலையைக் குனிந்துகொண்டு, குதிரையிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

“கேட்டுச்சு.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். பாவம் என்று யாருக்காவது தோன்றியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. நான் பேனாவை மூடி வைத்துவிட்டு, நடுவர் குரலில் கேட்டேன்.

“கொஞ்சம் சத்தமா சொல்லுங்க மாமா. எனக்குக் கேக்கல.”

இரண்டாவது தடவை அவர் சொன்னது கதவருகில் நின்றவர்களுக்கும் கேட்டது.